சுருதிப்பெட்டியும் சுவர்க்கோழியும்

தியானத்திற்கு முதலில் வேண்டுவது அமைதி என்று எல்லோரும் சொல்கிறார்கள். அமைதி என்பது வெயிலையும் காற்றையும் போல யாவர்க்கும் பொதுவாகக் கிடைக்கும் பொருள் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கும் அறிவுரை இது. எங்கள் வீட்டில் அது இருவரில் ஒருவருக்கு மட்டுமே கிடைக்கிறது. மற்றவருக்கு, ஊர் அடங்கி, தெரு அடங்கி, மின்விசிறியும் நின்ற பிறகு, இடக்காதினுள் ஒரு சுவர்க்கோழி கத்தத் தொடங்குகிறது. 2018ஆம் ஆண்டு தை மாதத்தில் தொடங்கிய அந்தக் கத்தல் இன்றுவரை ஒரு நாளும் விடுப்பு எடுத்ததில்லை.

எங்களில் ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறவர். மற்றவர் வங்கியில் கணக்குப் பார்க்கிறவர். சுவர்க்கோழி வாய்த்தது தமிழ் கற்பிக்கிறவருக்கு. முதல் சில வாரங்கள் வீட்டிலுள்ள பொருள்களின் மீதுதான் எங்கள் ஐயம் சென்றது. குளிர்ப்பெட்டி, இன்வெர்ட்டர், குழல்விளக்கின் சோக்கு என ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தோம். ஒருவர் காதை இன்னொருவர் காதோடு ஒட்டி வைத்துக்கூடக் கேட்டதுண்டு. இப்போது சொன்னால் சிரிப்பாக இருக்கிறது. அன்று இரவு இரண்டு மணிக்கு அது சிரிப்பாக இல்லை.

காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒலிபுகா அறையொன்றில் உட்கார வைத்துச் சோதித்தார். ஆடியோகிராம் என்னும் அந்த வரைபடத்தில் இடக்காதின் கோடு 6000 ஹெர்ட்ஸ் அருகில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியிருந்தது. நத்தை ஓட்டைப் போலச் சுருண்டிருக்கும் உட்செவியில் ஒலியை நரம்புக்குக் கடத்தும் மெல்லிய மயிர்ச்செல்கள் உள்ளன. மனிதரிடத்தில் அவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட வரிசையிலிருந்து செய்தி வருவது குறையும்போது, நிலையம் கிடைக்காத வானொலியின் ஒலியளவைத் திருகிக் கூட்டும் ஆளைப் போல மூளை அந்த இடத்தில் தன் கேட்கும் திறனை ஏற்றிக்கொள்கிறது. இரைச்சல் அங்கிருந்து பிறக்கிறது என்பது இன்று பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். மருத்துவர் இதையெல்லாம் சொல்லிவிட்டு, “இதுக்குன்னு மாத்திரை எழுதிக் குடுத்தா உங்களை ஏமாத்தற மாதிரி ஆயிடும். பழகிக்கலாம், பயப்படாதீங்க. ஒண்ணு மட்டும், சத்தமே இல்லாத இடத்துல தனியா உக்காராதீங்க” என்றார்.

சத்தமே இல்லாத இடத்தில் உட்காருவதைத்தான் எங்களில் மற்றவர் பல ஆண்டுகளாகச் செய்து வந்தார். எஸ்.என். கோயங்கா மரபின் பத்து நாள் விபஸ்ஸனா முகாமுக்குச் சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்தில் உள்ள மையத்தில் இருமுறை சென்று வந்தவர் அவர். அந்த மரபில் இசை கிடையாது, மந்திரம் கிடையாது, உருவம் கிடையாது. மூச்சும் உடலின் உணர்ச்சிகளும் மட்டுமே. விடியற்காலை நான்கே முக்காலுக்குக் கூடத்தில் பாயை விரித்து அமர்ந்தால் ஐந்தே காலுக்குத்தான் எழுவார். மனத்தைக் கட்டுப்படுத்த வேறு வழி தெரியாமல் தமிழ் கற்பிக்கிறவரும் அந்தப் பாயின் மறுபாதியில் அமர்ந்தபோது சிக்கல் தொடங்கியது. கண்ணை மூடிய கணத்தில் உலகின் மற்ற ஒலிகள் எல்லாம் பின்வாங்க, சுவர்க்கோழி முன்வரிசைக்கு வந்து நின்றது. மூச்சைக் கவனி என்றால் அது கத்தியது. கவனிக்காதே என்றால் இன்னும் உரக்கக் கத்தியது. மூன்றாம் நாள் பாதியில் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டார். வகுப்பறையில் மாணவர் கேட்கும் கேள்விகள் காதில் விழாமல் போனதும், பணியை விட்டுவிடலாமா என்று நாங்கள் இருவரும் கூடிப் பேசியதும் அந்த மாதத்தில்தான்.

ஆகவே ஒலி வேண்டும் என்று ஆயிற்று. எந்த ஒலி என்பதே கேள்வி.

முதலில் குரல்களைத் தேடினோம். கைப்பேசியில் தமிழில் வழிகாட்டும் தியானப் பதிவுகள் இன்று ஏராளம். பின்னணியில் புல்லாங்குழல், முன்னணியில் தேன் தடவிய ஒரு குரல். குரலைக் குறை சொல்வதற்கில்லை, வாக்கியங்கள்தாம் வதைத்தன. ‘உங்கள் தோள்களைத் தளர அனுமதியுங்கள்’ என்றது ஒன்று. தோளுக்கு அனுமதி கொடுக்கும் வழக்கம் தமிழில் எந்நாளும் இருந்ததில்லை. தோளைத் தொங்கவிடு என்றால் போதும். ‘உங்கள் சுவாசத்திற்குள் பயணம் செய்யுங்கள்’ என்றது இன்னொன்று. இருபதாண்டுகளாக விடைத்தாள் திருத்திய கை, மடியில் சின்முத்திரையில் இருந்தபடியே சிவப்பு மையைத் தேடியது. ஆங்கிலத்தில் எழுதித் தமிழில் வாசிக்கப்படும் அமைதி எவருக்குப் பயன்படுமோ, எங்களுக்குப் பயன்படவில்லை. ஒப்புநோக்க, வேதாத்திரி மகரிஷி (1911–2006) இதே பொருளுக்குத் ‘தவம்’ என்ற பழஞ்சொல்லையே எடுத்தாண்டதன் அருமை அப்போதுதான் புரிந்தது. சொல் பழையதாக இருந்தால் மனம் அதை ஆராயாமல் விட்டுவிடுகிறது. இலவசப் பதிவுகளில் இன்னோர் இடர்: மூச்சு ஒருவாறு சீராகும் பதினான்காம் நிமிடத்தில், புறவழிச்சாலையை ஒட்டிய வீட்டுமனைகளை உடனே முன்பதிவு செய்யும்படி ஒருவர் கத்துவார்.

அடுத்து இயற்கையின் ஒலிகளுக்குப் போனோம். கடல், மழை, ஓடை. இந்த வகைப் பதிவுகளுக்கு ஒரு மூதாதை உண்டு. 1969இல் அமெரிக்காவில் இர்வ் டைபெல் என்பவர் ‘என்விரான்மென்ட்ஸ்’ என்ற பெயரில் இசைத்தட்டு வரிசையொன்றைத் தொடங்கினார். முதல் தட்டின் ஒரு பக்கம் முழுக்கக் கடலலை. நேராகப் பதிந்த அலை ஒலித்தட்டில் அலையாகக் கேட்கவில்லை என்று, அதைக் கணிப்பொறியில் இட்டுத் திருத்தியே வெளியிட்டார்களாம். உண்மைக் கடலைவிட நல்ல கடல் ஒன்றை விற்கலாம் என்று கண்டுகொண்டவர் அவர். ஐந்தாண்டுகளுக்கு முன்பே, 1964இல், ஜாஸ் கிளாரினெட் கலைஞர் டோனி ஸ்காட் ஜப்பானில் கோட்டோ, ஷாகுஹாச்சிக் கலைஞர்களோடு அமர்ந்து ‘மியூசிக் ஃபார் ஜென் மெடிடேஷன்’ என்ற தட்டை வெளியிட்டிருந்தார். ஜென் மடங்களில் இசை போட்டுக்கொண்டு எவரும் அமர்வதில்லை என்பது வேறு செய்தி.

கடல் எங்களுக்கு ஒத்துவரவில்லை. அலை ஏறும்போது சுவர்க்கோழி மறையும், இறங்கும்போது மீண்டும் வெளிப்படும்; ஒளிந்து விளையாடும் குழந்தையைத் தேடுவதுபோல மனம் அதன் பின்னால் ஓடிற்று. மழை ஒத்துவந்தது. சீராகப் பெய்யும் மழையில் எல்லா அதிர்வெண்களும் கலந்திருக்கின்றன. ஆறாயிரம் ஹெர்ட்ஸுக்கும் அதில் இடமுண்டு. ஆனால் நாங்கள் வைத்திருந்த மழை நான்கு நிமிட மழை. அதையே வெட்டி ஒட்டி ஒருமணி நேரமாக ஆக்கியிருந்தார்கள். நான்கு நிமிடத்திற்கு ஒருமுறை அதே தொலைவில் அதே காகம் ஒருமுறை கரைந்தது. ஒரு வாரத்தில் மனம் மூச்சை விட்டுவிட்டுக் காகத்திற்குக் காத்திருக்கத் தொடங்கியது. வங்கிக்காரருக்கோ சுவர்க்கோழியும் இல்லை, மழையும் வேண்டியதில்லை. அவருக்குக் காகம் மட்டும் மிஞ்சியது.

இவ்விடத்தில் ‘மூளை அலை’ வணிகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இடக்காதில் 200 ஹெர்ட்ஸ், வலக்காதில் 210 ஹெர்ட்ஸ் என இரு தனி ஒலிகளைச் செலுத்தினால், நொடிக்குப் பத்து முறை ஏறி இறங்கும் மூன்றாவது ஒலியொன்று தலைக்குள் கேட்கிறது. வெளியில் அப்படி ஓர் ஒலி இல்லை; மூளை உண்டாக்கிக்கொள்வது. ஜெர்மானிய இயற்பியலாளர் டோவ் 19ஆம் நூற்றாண்டிலேயே கண்ட செய்தி இது. 1973இல் ஜெரால்டு ஆஸ்டர் எழுதிய கட்டுரை இதைப் பரவலாக்கியது. ராபர்ட் மன்றோ என்ற அமெரிக்கர் 1975இல் இதை ஒட்டிய உறக்கமுறை ஒன்றுக்குக் காப்புரிமையும் பெற்றார். பத்து ஹெர்ட்ஸ் என்பது ஓய்வாக இருக்கும் மூளையின் ஆல்ஃபா அலை. ஆகவே பத்து ஹெர்ட்ஸைக் கேட்டால் மூளை ஓய்வுக்கு வரும் என்பது வாதம். ஆய்வுகள் இரு பக்கமும் பேசுகின்றன. எங்கள் அனுபவம் சுருக்கமானது: ஹெட்ஃபோனை மாட்டிய பதினைந்து நிமிடமும் தலைக்குள் மாவு மில் ஓடியது. நம் இயற்பியல் பாடநூலார் இவ்வகை ஏற்ற இறக்கத்திற்கு ‘விம்மல்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அழுகைக்கும் அதே சொல்தான். பொருத்தமாகவே வைத்தார்கள்.

432 ஹெர்ட்ஸில் இசைத்தால் பிரபஞ்சத்தோடு இசைந்துவிடலாம் என்போரும் உண்டு. மேற்கிசையில் 440 என்பது 20ஆம் நூற்றாண்டில் வாத்தியக்காரர்கள் வசதிக்காகச் செய்துகொண்ட உடன்பாடு. அதில் எட்டைக் குறைத்தால் மோட்சம் என்பது விளங்கவில்லை. நம்மூரில் பாடுகிறவர் தம் தொண்டைக்கு ஏற்ற கட்டையில் சட்ஜத்தை வைத்துக்கொள்கிறார். ஆண் குரலானால் ஒரு கட்டை, பெண் குரலானால் ஐந்து, ஐந்தரை. பிரபஞ்சம் இதுவரை ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை.

இதற்கிடையே, ஓய்வுபெற்ற மூத்த பேராசிரியர் ஒருவர் வீட்டிற்கு வந்தார். காதிரைச்சல் செய்தியைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. “உங்களுக்கு நாதம் திறந்திருக்கு. இதுக்குப் போய் டாக்டர்கிட்ட போனீங்களா?” என்றார். திருமூலரை நினைத்துச் சொன்னார். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில், தியானம் பற்றிய பகுதியில், ஒடுங்கிய யோகியர் உள்ளே கேட்கும் பத்து ஒலிகள் சொல்லப்படுகின்றன. மணியோசை, கடலோசை, யானையின் பிளிறல், குழல், மேகம், வண்டு, தும்பி, சங்கு, பேரிகை, யாழ். வகுப்பில் பலமுறை நடத்திய பாடல். தேர்வில் பத்தையும் வரிசையாக எழுதியோர்க்கு முழு மதிப்பெண். கற்பிக்கிறவர் அன்றிரவு பத்தையும் ஒவ்வொன்றாகத் தம் சுவர்க்கோழியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். யானை இல்லை, யாழ் இல்லை. தும்பி என்று வேண்டுமானால் இழுத்துச் சொல்லலாம். தவம் செய்யாமலே பத்தில் ஒன்று கிடைத்துவிட்டது என்று மகிழ்வதா, ஆடியோகிராமில் உள்ள பள்ளத்தை நம்புவதா? நாங்கள் பள்ளத்தையே நம்பினோம். துன்பத்தைச் சித்தி என்று பெயர் மாற்றிக்கொள்வதில் எங்களுக்கு உடன்பாடில்லை. திருமூலர் சொன்ன ஒலியை மனத்தை அடக்கியவர்கள் கேட்டார்கள். இது மனத்தை அடக்கவொட்டாமல் அடிக்கும் ஒலி.

ஆனால் அந்தத் தேடல் வீண்போகவில்லை. நாத யோகத்தைப் பேசும் வடமொழி நூலான ஹடயோக பிரதீபிகையின் நான்காம் அத்தியாயத்திலும் இதுபோன்ற ஒலிப்பட்டியல் உண்டு. அதில் எங்களை ஈர்த்தது பட்டியல் அன்று, வரிசை. முதலில் கடல், மேகம், பேரிகை போன்ற பருத்த ஒலிகள். பிறகு சங்கும் மணியும். கடைசியில் குழலும் வீணையும் வண்டும். பெரிய ஒலி கேட்கும்போதே அதனுள் நுண்ணிய ஒலியைத் தேடு என்கிறது நூல். ஒலியை ஒலியால் அமுக்கச் சொல்லவில்லை. ஒன்றினுள் ஒன்றாகக் கேட்கச் சொல்கிறது. இது யோகியருக்கு மட்டும் உரிய வித்தையாக எங்களுக்குத் தோன்றவில்லை. கச்சேரியில் தம்புராவுக்கு அருகில் அமர்ந்தவர் எவரும் செய்திருக்கக்கூடியது.

தம்புராவுக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தோம். வாங்கும் வசதியோ மீட்டும் கையோ எங்களுக்கில்லை. பெங்களூரைச் சேர்ந்த பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் 1970களின் இறுதியில் மின்னணுச் சுருதிப்பெட்டியைக் கொண்டுவந்த நாளிலிருந்து, துருத்தி இழுக்க ஆளில்லாத வீடுகளிலும் சுருதி ஒலித்து வருகிறது. இன்று அதுவும் கைப்பேசிக்குள் செயலியாகச் சுருங்கிவிட்டது. நான்கு தந்திகள்: பஞ்சமம், இரண்டு சட்ஜம், கீழ்ச் சட்ஜம். இவ்வளவுதான் அதன் இசை. தந்திக்கும் குதிரைக்கும் நடுவில் செருகப்படும் சிறு நூலிழைக்கு ‘ஜீவா’ என்று பெயர் வைத்தவர் யாரோ, வணங்கத்தக்கவர். அந்த நூல் சரியான இடத்தில் நிற்கும்போது தந்தி வெறுமனே அதிர்வதை விட்டு இரையத் தொடங்குகிறது; கீழ்ச் சட்ஜத்திலிருந்து ஒருவரும் மீட்டாத காந்தாரம் தானே எழுகிறது. இசைவாணர் அதைச் சுயம்பு காந்தாரம் என்பர். அதற்கும் மேலே இன்னும் மெல்லிய ஒலிகள், அடுக்கடுக்காக.

முதல் நாளே ஒரு வேறுபாடு தெரிந்தது. கடலும் மழையும் சுவர்க்கோழியை மூடின. தம்புரா அதை மூடவில்லை, பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டது. பஞ்சமத்தையும் சட்ஜத்தையும் காந்தாரத்தையும் கேட்டு, அதற்கு மேலுள்ள இழைகளைத் தேடிப்போகும்போது, எங்கோ உச்சியில் அந்த ஆறாயிரம் ஹெர்ட்ஸ் கத்தலும் ஓர் இழையாக இருந்தது. இருந்தது, அவ்வளவே. எழுந்து ஓட வேண்டியிருக்கவில்லை. தம்புராவிலும் திரும்பத் திரும்ப ஒரே சுற்றுதான் வருகிறது. ஆயினும் அடுத்து என்ன வரும் என்பதை முழுதும் சொல்லிவிட்டதால் மனம் எதற்கும் காத்திருப்பதில்லை. காகத்திற்கும் தம்புராவுக்கும் உள்ள வேறுபாடு இது என்று நினைக்கிறோம்.

ஒலியளவு பற்றி எங்களுக்குத் தெளிவு வந்தது கேட்பியல் வல்லுநர் ஒருவரிடம். காதிரைச்சலை ஒலியால் முழுக்க மறைத்துவிட்டால் மூளை அதற்குப் பழக வாய்ப்பே இல்லாமல் போகிறது என்றார் அவர். 1990இல் பாவெல் ஜாஸ்ட்ரெபாஃப் முன்வைத்த கோட்பாட்டிலிருந்து கிளைத்த பயிற்சிமுறை அது: பின்னணி ஒலி இரைச்சலுக்குச் சற்றுக் கீழேயே இருக்க வேண்டும், இரண்டும் கலக்கலாம், ஒன்று மற்றொன்றை விழுங்கக்கூடாது. ஹடயோக பிரதீபிகை சொல்வதும் ஏறத்தாழ அதுதானே என்று கற்பிக்கிறவருக்கு ஒரு மகிழ்ச்சி. ஆனால் ஐநூறு ஆண்டு இடைவெளியில் இரண்டு வேறு நோக்கங்களுக்காகச் சொல்லப்பட்டவற்றை ஒன்றாக்கி, எல்லாம் நம்மவர் அன்றே அறிந்தது என்று மேடையேற்ற வேண்டியதில்லை. ஹெட்ஃபோனையும் அன்றோடு எடுத்து வைத்துவிட்டோம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வகுத்த அளவு, பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம், 80 டெசிபல். அரைமணித் தியானம் அதை எட்டாதுதான். எனினும் ஏற்கெனவே பள்ளம் விழுந்த காதின் வாசலில் கருவியைப் பொருத்துவது எதற்கு?

எங்களில் மற்றவரை இதற்கு இசையவைப்பது எளிதாக இருக்கவில்லை. ஊன்றுகோல் என்பது அவர் வைத்த குற்றச்சாட்டு. ஒலியைப் பிடித்துக்கொண்டு நடப்பவர் ஒலி இல்லாதபோது விழுந்துவிடுவார். தியானம் இருப்பதை இருப்பதாகப் பார்ப்பது, இனிமையான ஒன்றைப் போட்டு மூடுவதன்று. வலுவான வாதம்தான். கற்பிக்கிறவர் அதற்கு மறுமொழியாக ஒன்றை மட்டும் நினைவூட்டினார். கோயங்கா முகாம்களில் பயிற்சிமொழிகள் அனைத்தும் அவர் குரலின் ஒலிப்பதிவாகவே வருகின்றன. 1969இல் பர்மாவிலிருந்து இந்தியா வந்து கற்பிக்கத் தொடங்கியவர் 2013இல் மறைந்தார். அவர் குரல் இன்னும் ஒவ்வொரு மையத்திலும் விடியலில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. இசையை விலக்கிய மரபும் ஒலிநாடாவை விலக்கவில்லையே என்றார். அது வேறு, இது வேறு என்றார் மற்றவர். அன்று காப்பி ஆறிப்போனது.

வாதத்தில் எவரும் வெல்லவில்லை. ஏற்பாடு ஒன்று வந்தது. சிறிய ஒலிபெருக்கி கற்பிக்கிறவரின் இடப்புறம், தரையில், பாய்க்கு ஒரு முழம் தள்ளி. மற்றவர் சன்னலோரம். முதல் இருபது நிமிடம் தம்புரா, பிறகு அது தானே தேய்ந்து நிற்கும்படி நேரம் குறித்திருக்கிறோம். கடைசிப் பத்து நிமிடம் எதுவும் இல்லை. அந்தப் பத்து நிமிடத்தை முதலில் மூன்று நிமிடமாகத் தொடங்கி ஓராண்டில் நீட்டினோம். இப்போது அந்த நேரத்தில் ஒருவர் மூச்சைக் கவனிக்கிறார். மற்றவர் சுவர்க்கோழியைக் கவனிக்கிறார். அது ஒரே சீராகக் கத்துவதில்லை என்பதும், நன்றாகத் தூங்கிய மறுநாள் மெலிந்தும் விடைத்தாள் திருத்தும் பருவத்தில் தடித்தும் இருக்கிறது என்பதும் அப்படித்தான் தெரியவந்தன. குணமாகிவிட்டதா என்று கேட்பவர்க்கு இல்லை என்றே சொல்கிறோம். மொட்டை மாடிக்குப் போவது நின்றுவிட்டது.

மார்கழி மட்டும் இன்னும் கடினம். கோடை முழுதும் மின்விசிறி செய்துவந்த உதவி நின்றுபோகிறது. திருச்சிக் குளிரில் சன்னலையும் அடைத்துவிட்டால் கூடம் ஒலிபுகா அறையாகிவிடுகிறது. பிறகு தெருமுனைக் கோயிலின் கூம்பு ஒலிபெருக்கி திருவெம்பாவையைத் தொடங்கும். மற்றவர் முகம் சுளிக்க, இவர் முகம் தெளியும். ஒரே ஒலி ஒரே பாயில் அமர்ந்த இருவருக்கு இரண்டு வேறு பொருளாக இருப்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எங்களிடம் இல்லை.

சென்ற ஆண்டு காவிரியில் தண்ணீர் நிறைந்து வந்தபோது முக்கொம்புக்குப் போய், மதகுகளின் அருகே கைப்பேசியைக் கைக்குட்டையின் மேல் வைத்து இருபது நிமிட நீரொலியைப் பதிந்து வந்தோம். வெட்டும் ஒட்டும் இல்லாத முழு இருபது நிமிடம். மின்விசிறி நின்ற இரவுகளில் உறங்கும்வரை அதுவே ஓடுகிறது. பதினோராம் நிமிடத்தில் யாரோ ஒரு சிறுவன், “அம்மா, அங்க பாரு மீனு!” என்று கூவுகிறான். வங்கிக்காரர் அதை நீக்கிவிடலாம் என்கிறார், காகத்தின் கதை மறந்துவிட்டதா என்று கேட்கிறார். மற்றவர் வேண்டாம் என்கிறார். இதுவரை பதினோராம் நிமிடம்வரை விழித்திருந்த இரவுகள் குறைவு என்பதால் முடிவெடுக்க அவசரம் நேரவில்லை.